அதே மூஞ்சிங்க, புதுக் கூவலு

ரயில்ல மல்லாட்ட விக்கறதுல கஷ்டமான வேல கூடைய தூக்கறதோ, கூட்டத்துல நொழையறதோ இல்லீங்க, தெனம் சாயங்காலம் வாயத் தொறந்து புதுசா ஒண்ணு கூவறதுதான்.

வேர்க்கடலயத்தான் எங்க கேஜிஎஃப் பக்கம் மல்லாட்டன்னு சொல்லுவோம். நம்ம வீட்டம்மா சரோஜா காலையில வேகவச்சி, துணி போத்தி, கூடையில கட்டிக் குடுக்கும். மத்தியான வண்டியில பெங்களூருக்குப் போவேன். அங்கருந்து வேல முடிஞ்சி மாரிகுப்பம் வண்டியில வீட்டுக்குத் திரும்பற ஜனங்களுக்கு வித்துக்கினே வருவேன். பஸ் ஸ்டாண்டுல விக்கறவனுக்கு இன்னா கவல? காலையில கூவனதையே பொழுது சாயற வரைக்கும் கூவலாம், கேக்கற ஆளு மாறிக்கினே இருப்பான். என் ஆளுங்க மாறமாட்டாங்க. எல்லாம் சீசன் டிக்கெட். அதே பொட்டி, அதே சீட்டு, அதே மூஞ்சி. நேத்து சிரிச்சதுக்கு இன்னிக்கு சிரிக்கமாட்டான்.

கத எழுதறவங்க, பாட்டு கட்டறவங்க, ஞாயித்துக்கெழம பிரசங்கம் பண்றவங்க, காலையில எழுந்ததும் ஸ்டேட்டஸ் போடறவங்க, நீங்கல்லாம் நம்ம கூட்டாளிங்கதான். ஒங்களுக்கும் திடீர்னு ஒருநா உள்ள அடச்சிக்கினு ஒண்ணும் வராது பாருங்க, அந்த நோவுதான் எனக்கும். நானு பள்ளிக்கூடத்துல அதிகம் குந்தாத ஆளு. ஆனா அடச்சிக்கறதுல மட்டும் பெரிய படிப்பு படிச்சிருக்கேன்.

மொதமொதல்ல மாட்டனது

இந்த வண்டிக்கு வந்த புதுசுல "சூடா மல்லாட்ட, சூடா மல்லாட்ட"ன்னுதான் கூவிக்கினு இருந்தேன். எங்க பொட்டியில ஸ்டெல்லா அக்கான்னு ஒருத்தங்க வராங்க. ஒயிட்ஃபீல்டு பக்கம் துணி தெக்கிற கம்பெனியில சூப்பர்வைசரு, வீடு சாம்பியன் ஸ்டேஷன் பக்கம். அவங்க வாய் ஓடற ஸ்பீடப் பாத்தா தையல் மிஷினு வெக்கப்படும். "காலையில வெந்தது சாயங்காலம் சூடா கீதா? பொய்யையும் கூடவே போட்டு வேகவச்சியாப்பா?"ன்னு கேட்டாங்க. பொட்டியே சிரிச்சிச்சி. எனக்கு ரோஷம் வந்துடுச்சி.

மறுநா ஏறன ஒடனே, "மேனேஜர ஒடைக்க முடியல, இதயாச்சும் ஒடைங்க!"ன்னு ஒண்ணு போட்டேன். நாள் பூரா திட்டு வாங்கிக்கினு வந்த ஜனம் இல்லியா, கூடை மாலூரு ஸ்டேஷன் வரங்காட்டியே காலி. சரிடா, கண்டுபுடிச்சிட்டோம், இனிமே சாவற வரைக்கும் இதான்னு அடுத்த நாளும் அதயே கூவனேன். ஜன்னலோரத்துல டேனியல் அண்ணன் குந்தியிருந்தாரு. கேஆர்புரத்துல லேத்து மிஷின் ஓட்டறவரு. ஸ்டேஷனுக்கு ஒரு வார்த்த பேசனா அதிகம். வெளிய பாத்துக்கினு இருந்த மனுஷன், தலையக்கூட திருப்பாம, "பழசு"ன்னாரு.

அன்னிக்கே சட்டம் வந்துடுச்சி. பழைய கூவல யாரு புடிக்கறாங்களோ அவங்களுக்கு ஒரு பொட்டலம் சும்மா. சட்டம் போட்டது ஸ்டெல்லா அக்கா, லாபம் டேனியல் அண்ணனுக்கு. போன மழைக்காலத்துல கூவனதக்கூட ஞாபகம் வச்சி புடிப்பாரு. அப்பிடி ஒரு மண்டைய நான் எங்கயும் பாத்ததில்ல. இது நியாயமா அக்கான்னு ஸ்டெல்லா அக்காகிட்ட கெஞ்சிப் பாத்தேன். "நாங்க சீசன் எடுத்துக்கினு வரோம்ப்பா, நீ பழைய படம் ஓட்டாத."

பேக்கு

மாலூரு வரைக்கும் பொட்டியில கன்னட ஜனம் ஜாஸ்தி. அதனால அதுவரைக்கும் "கடலேகாய் பேக்கா?"ன்னு கேட்டுக்கினு போவேன். வேணுமான்னு அர்த்தம். ஒருநா புதுசா ஒரு நர்சம்மா ஏறியிருந்தாங்க. மதுர பக்கத்துலருந்து வந்து இங்க வேலக்கி சேந்தவங்க, அன்னிக்குத்தான் மொத தடவ இந்த வண்டி. நானு அந்தம்மா மூஞ்சிக்கு நேரா குனிஞ்சி, பல்லு தெரிய சிரிச்சி, "பேக்கா?"ன்னேன். தமிழ்ல பேக்குன்னா இன்னான்னு ஒங்களுக்கு நான் சொல்லணுமா?

"யாரப் பாத்துய்யா பேக்குங்கிற?"ன்னு எழுந்தாங்க பாருங்க, மேல லக்கேஜ் பலகையில தூங்கிக்கினு இருந்தவன் எழுந்து குந்திட்டான். பொட்டியில இருக்கறவங்க எல்லாரும் ஒரே நேரத்துல அவங்களுக்கு வெளக்கம் சொன்னாங்க. தமிழ்ல பாதி, கன்னடத்துல பாதி, மிச்சம் தெலுங்குல. சொல்லச் சொல்ல அந்தம்மாவுக்கு கோவம் ஏறுது. எனக்கோ வாய் அடச்சிப்போச்சி. ஓடவும் வழியில்ல, ரெண்டு பக்கமும் ஜனம். அப்ப பாருங்க, நான் யோசிக்கவேயில்ல, தானா வந்து வுழுந்துச்சி: "கன்னடத்துல பேக்குன்னா வேணும்மா, தமிழ்ல பேக்குன்னா நானும்மா!"

ஜன்னலோரத்து டேனியல் அண்ணனே திரும்பிப் பாத்தாரு. அது எனக்கு மெடல் மாதிரி. நர்சம்மா மொறச்சிப் பாத்தாங்க, ஒதடு துடிச்சிச்சி, அப்புறம் சிரிப்பு பிச்சிக்கிச்சி. குந்தி, பையத் தொறந்துக்கினே சொன்னாங்க. "அப்ப அந்தப் பேக்குகிட்டருந்து எனக்கு ஒரு பொட்டலம் பேக்கு."

கொழாயடிக் கச்சேரி

இன்னொரு நா காலையில எழுந்ததுலருந்து வாயில ஒண்ணும் நிக்கல. அடுப்பு முன்னால குந்தி பானையவே பாத்துக்கினு இருந்தேன். சரோஜா வந்து பாத்துச்சி. "நீ மொறச்சா அது சீக்கிரம் வேகுமா? போயி தண்ணி கொண்டா"ன்னு கொடத்த கையில திணிச்சி வெளிய தள்ளிச்சி. வெறும் பேப்பர வச்சிக்கினு மொறைக்கற கூட்டாளிங்களே, வீட்டுல இப்பிடி ஒரு ஆளு இருந்தா ஒங்களுக்குப் பாதி நோவு தீந்துடும்.

கேஜிஎஃப்ல பாலகாட்டுன்ற எடத்துல, மைன்ஸ் ஆளுங்களுக்குக் கட்டன எங்க லைன் வீடுங்களுக்கு கொழாயில தண்ணி வர்றதே அதிசயம். வந்த அன்னிக்கு சண்ட இல்லாம இருக்குமா? ரெண்டு பொம்பளைங்க கொடத்த நடுவுல வச்சிக்கினு நிக்கறாங்க. அத சண்டன்னு சொன்னா பாவம், கச்சேரின்னு சொல்லணும். ஒருத்தி, "ஒனக்கு எதுக்குடி தண்ணி, நாக்குலயே ஊறுதே!"ன்றா. இன்னொருத்தி மூச்சுகூட வுடாம, "ஒன் வாயில போட்டா கருங்கல்லே வெந்துடும், வீட்டுல அடுப்பு எதுக்குடி!"ன்றா. எழுதி வச்சிப் படிக்கல, யோசிக்கல, இடுப்புல புள்ள வேற. நானு கையெடுத்துக் கும்புடாத கொற. பாத்துக்கினே நின்னதுல தண்ணி நின்னுபோச்சி, காலி கொடத்தோட வீட்டுக்குப் போயி சரோஜாகிட்ட வாங்கனது தனி.

சாயங்காலம் ஒயிட்ஃபீல்டுல அக்கா ஏறனதும் கூவனேன்: "ஸ்டெல்லா அக்கா வாயில வேகவச்ச மல்லாட்ட! கருங்கல்லே வெந்துச்சி, கடல வேகாதா!" பொட்டி குலுங்கிச்சி. ஸ்டெல்லா அக்கா மட்டும் சிரிக்கல. ஒண்ண எடுத்து, ஒடச்சி, மெதுவா மென்னு, முழுங்கன அப்புறம் சொன்னாங்க. "என் வாயில வெந்திருந்தா உப்பு கரெக்டா இருந்திருக்கும்."

வெங்கடப்பா நெலத்துல

மல்லாட்ட வாங்கறது பூதிகோட்டையில வெங்கடப்பான்னு ஒரு வெவசாயிகிட்ட. வீட்டுல தெலுங்கு, சந்தையில கன்னடம், என்கூட பேரம் பேசறதுக்குன்னே கொஞ்சம் தமிழு. ஒரு வாட்டி மொகத்த தொங்கப் போட்டுக்கினு போயி நின்னேன். இன்னாத்துக்கு இப்பிடி கீறன்னு கேட்டாரு. கூவறதுக்கு ஒண்ணும் தோணலண்ணான்னேன். மனுஷன் ஒரு செடியப் புடுங்கி, மண்ண ஒதறி, காய என் கையில வச்சாரு. அப்பதான் ஒறைச்சிச்சி, வருஷக்கணக்கா விக்கறேன், ஒண்ண எடுத்து ஒழுங்கா தின்னு பாத்ததில்ல. பச்சக் கடல, பாலு மாதிரி இனிக்குது. உள்ள பாத்தா ரெண்டு பருப்பு, ஒண்ணு குண்டு, ஒண்ணு ஒல்லி, எடம் பத்தாம நெருக்கிக்கினு கீதுங்க.

அன்னிக்குக் கூவல்: "ஒரே வீட்டுல ரெண்டு பேரு, ஒருத்தர் குண்டு, ஒருத்தர் ஒல்லி, கதவத் தொறக்கற வரைக்கும் சண்டயில்ல!" பொட்டியில இருந்த புருஷன் பொஞ்சாதிங்க எல்லாம் ஒருத்தர ஒருத்தர் அளவு பாத்துக்கினாங்க. அந்தக் கூவல் என்னுதுன்னு பொட்டி நெனச்சிச்சி. தின்னுட்டு அப்புறம் பேசுடான்னு கன்னடத்துல எனக்கு வழி காட்டனது வெங்கடப்பாதான். "மொதலு தின்னு, ஆமேலே மாத்தாடு."

டேனியல் அண்ணன் புடிக்கல

இதெல்லாம் சில்லற அடைப்பு. பெருசு ஒண்ணு வந்துச்சி. ஈஸ்டருக்கு முன்னால, தவக்காலம் நடக்கற சமயம். ஒருநா சோம்பேறித்தனமா, போனாப் போவுதுன்னு அந்த மேனேஜர் கூவலயே திரும்பப் போட்டேன். போட்டுட்டு பொட்டலத்த கையில ரெடியா வச்சிக்கினு ஜன்னலப் பாத்தேன். சத்தமே இல்ல. மறுநா அதவிட அரதப் பழசு ஒண்ணு. ஊஹூம். டேனியல் அண்ணன் வெளியவே பாத்துக்கினு கீறாரு. நானு சந்தோஷப்படணும்ல, பொட்டலம் மிச்சமாச்சே? படல. புடிக்கற ஆளு இல்லன்னதும் எனக்குப் புதுசு வர்றதே நின்னுபோச்சி. அப்பதான் வெளங்கிச்சி, இத்தினி நாளா நானு பொட்டிக்குக் கூவல, அந்த ஜன்னலோரத்துக்குத்தான் கூவிக்கினு இருந்திருக்கேன்.

ஸ்டெல்லா அக்காவ தனியா இஸ்து கேட்டேன். அவங்க ரெண்டு பேரும் ஒரே சர்ச்சு. டேனியல் அண்ணனோட பொண்ணு பிரிசில்லாவுக்கு ஈஸ்டர் முடிஞ்ச கையோட கல்யாணமாம். எங்க ஊரு கிறிஸ்தவங்க கல்யாணத்துல கேக்கு வெட்டனதும் டோஸ்ட்டுன்னு ஒண்ணு உண்டு. ஒருத்தர் கிளாச தூக்கிக்கினு, பொண்ணு மாப்ளயப் பத்தி சிரிக்க ஒண்ணு, கண்ணு கலங்க ஒண்ணு சொல்லணும். எங்க லைன்ல இருக்கற இந்து வீட்டுக்காரங்களும் பிரியாணிக்கு முன்னால அதுக்குத்தான் காத்துக்கினு இருப்போம். எப்பவும் மாமன்காரன்தான் சொல்லுவாரு. இந்தப் பொண்ணு ஒத்துக்கல. "டாடி பொறந்ததுலருந்து என்கூட பேசனத சேத்து வச்சா ஒரு ஸ்டேஷன் தூரம் வராது. என்னப் பத்தி இன்னா நெனைக்கறாருன்னு அவரு வாயால கேட்டுட்டுத்தான் அந்த வீட்டுக்குப் போவேன்"னு சொல்லிடுச்சாம்.

மனுஷனுக்கு அன்னிலருந்து சோறு எறங்கல. பொண்ணு கேட்டும் பேசலன்னா மனசுல பாசம் இல்லன்னு ஆயிடும். பேசலாம்னா ஒரு வார்த்த வரல. ஊரு பூரா கூவனத மண்டையில வச்சிருக்கற ஆளுக்கு சொந்தமா ஒண்ணு கெடைக்கல. நான் போயி பக்கத்துல குந்தனேன். ஏதோ கெணத்த எட்டிப் பாக்கற மாதிரி என் வாயப் பாத்துக் கேட்டாரு. "முருகேசு, நீ தெனம் எங்கருந்துப்பா எடுக்கற?"

நாங்க குடுத்த சரக்கு

கேட்டுட்டாரே, வுடுவனா? எனக்குத் தெரிஞ்ச சரக்கெல்லாம் எறக்கனேன். பாலும் சக்கரயும் மாதிரி இருக்கணும்னு சொல்லுண்ணா. "ஊர்காம்ல பொன்னுசாமி பையன் கல்யாணத்துல சொன்னது"ன்னாரு. கண்ணும் இமையும்? "அதே கல்யாணம்." வண்டியும் தண்டவாளமும்? கொஞ்சம் யோசிச்சாரு, எனக்கு நம்பிக்க வந்துச்சி. "அது நீ போன வருஷம் மல்லாட்டைக்கு கூவனது." ஊருல நடந்த கல்யாணத்து டோஸ்ட்டு எல்லாம் அவருகிட்ட கீது. எந்தக் கதவத் தொறந்தாலும் உள்ள ஏற்கனவே ஆளு குந்திக்கினு கீறான். நல்ல ஞாபகம் இருக்கறது வரமா சாபமான்னு அன்னிக்கு எனக்கே கொழம்பிச்சி.

ஸ்டெல்லா அக்கா, "ரெண்டு பேரும் நவுருங்க, இப்பல்லாம் போனே எழுதிக் குடுக்குது"ன்னு போன எடுத்தாங்க. பொண்ணு கல்யாணத்துல அப்பா பேசறதுக்கு ஒண்ணு குடுன்னு கேட்டாங்க. கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள கொட்டிச்சி பாருங்க, எனக்கு பொறாமையில வயிறு எரிஞ்சிச்சி. "என் வாழ்வின் வசந்தமே, சிறகு விரித்துப் பறக்கும் என் செல்லமே"ன்னு ஆரம்பிச்சி, நிக்கவேயில்ல. ஸ்டெல்லா அக்கா கொரல ஏத்தி எறக்கி படிச்சாங்க. நர்சம்மா கண்ணத் தொடச்சிக்கினாங்க. பொட்டியே கை தட்டிச்சி. டேனியல் அண்ணன் கடைசி வரைக்கும் மரியாதையா கேட்டாரு. கேட்டுட்டு, போன ஜாக்கிரதையா திருப்பிக் குடுத்தாரு. "நல்லா கீதும்மா. யாரு பொண்ணப் பத்தி இது?"

டைகல் சிக்னல்ல ஒத்திக

கல்யாணத்துக்கு முந்தின வாரம் வண்டி டைகல் ஸ்டேஷன் தாண்டி நடுவுல சிக்னல்ல நின்னுபோச்சி. தங்கச் சொரங்கம் ஓடன காலத்துல, ஆளுங்கள உள்ள எறக்கற கேஜு, அதான் லிஃப்டு, ரெண்டு லெவலுக்கு நடுவுல நின்னுடும்னு எங்கப்பா சொல்லுவாரு, மேலயும் போவாது, கீழயும் போவாதுன்னு. அதே மாதிரி. ஸ்டெல்லா அக்கா, "சும்மா குந்தறதுக்கு ஒத்திக பாக்கலாம், எழுந்துருங்கண்ணா"ன்னாங்க. அவங்களே துப்பட்டாவ தலையில போட்டுக்கினு பொண்ணு. தூங்கிக்கினு இருந்த ஒருத்தர எழுப்பி மாப்ள ஆக்கனோம். என் மல்லாட்டக் கூடைதான் கேக்கு. டேனியல் அண்ணன் தண்ணி பாட்ல கிளாசு மாதிரி புடிச்சிக்கினு எழுந்தாரு.

நின்னாரு. நின்னுக்கினே இருந்தாரு. நெத்தியில வேர்வ. எங்க பொட்டியப் பத்தி ஒங்களுக்குத் தெரியாது, ஒருத்தன் தும்மனாகூட அதுக்கு நாலு பேரு கமெண்ட் அடிப்பாங்க. அன்னிக்கு ஒரு வாய் தொறக்கல. சீட்டு ஆடற கும்பல் சீட்ட கவுத்து வச்சிச்சி. யாரோ போன்ல ஓடன பாட்ட நிறுத்தனாங்க. ஒரு மனுஷன் வார்த்த தேடறதுக்கு அத்தினி பேரும் எடம் வுட்டு நின்னாங்க. அந்த ஜனத்த நெனச்சா இப்பவும் எனக்குப் பெருமையா கீது. வார்த்ததான் வரல. கடைசியில சீட்டுக் கும்பல்ல ஒருத்தர் மெதுவா அவரு தோளத் தொட்டாரு. "குந்துண்ணா, இஞ்சினே இன்னும் எடுக்கல, நீ இன்னாத்துக்கு அவசரப்படற?"

வழி கேட்ட ஆளு

ரெண்டு நா கழிச்சி பங்காரப்பேட்டையில ஒரு புது ஆளு ஏறனாரு. கையில மிக்சி டப்பா. வந்து டேனியல் அண்ணன் பக்கத்துல குந்தி, "கோரமண்டல் ஸ்டேஷன்ல எறங்கி மாதா கோயில் தெருவுக்கு எப்பிடிங்க போவணும்?"னு கேட்டாரு. டேனியல் அண்ணன் சொல்ல ஆரம்பிச்சாரு. எந்தப் பக்கம் எறங்கணும், எந்தப் பக்கம் எறங்கனா சேறு, நேரா போனா ஒரு டீக்கட, அங்க டீ குடிக்கக் கூடாது, பக்கத்துக் கடையில குடிக்கலாம். அப்பால நீலக் கேட்டு வீடு, அதுல ஒரு நாயி, கொலைக்கும், கடிக்காது, ஆனா மிக்சி டப்பாவப் பாத்தா அதுக்கு இன்னா தோணும்னு சொல்ல முடியாது. எனக்கு கூடை கையிலருந்து நழுவிச்சி. ஸ்டெல்லா அக்கா என் இடுப்புல இடிக்கறாங்க. பங்காரப்பேட்டையில தொறந்த வாய் கோரமண்டல் வரைக்கும் மூடல!

நாங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கினோம். இவரு பேசாத ஆளு இல்ல. ஆரம்பிக்கத் தெரியாத ஆளு. கேட்டா பேசறாரு. இத்தினி நாளா ஒரு சங்கதி சொல்லுங்க, ஒரு வார்த்த சொல்லுங்கன்னு அவரப் போட்டுப் பிழிஞ்சிக்கினு இருந்தோம். அந்த மிக்சிக்காரரு ஒண்ணும் பண்ணல, தனக்கு நெஜமா தெரியாதத நெஜமா கேட்டாரு.

அன்னிக்கு சாம்பியன்ல நானும் எறங்கிட்டேன். பிரிசில்லா ஸ்கூட்டி எடுத்துக்கினு அப்பாவ இட்டுக்கினு போவ வந்திருந்துச்சி. டேனியல் அண்ணன் பின்னால மெதுவா வரங்காட்டி நான் ஓடிப் போயி விஷயத்தச் சொன்னேன். ஒங்கப்பாவ பேசச் சொல்லாதம்மா, ஒனக்குத் தெரியாதது எதுனா இருந்தா கேளுன்னேன். ஹெல்மெட்ட கையில வச்சிக்கினு அந்தப் பொண்ணு சொல்லிச்சி. "பேசுங்க பேசுங்கன்னுதான் அங்கிள் சொல்லிக்கினே இருந்தேன், நானு டாடிய ஒண்ணும் கேட்டதேயில்லியே."

கிளாசத் தூக்கன அன்னிக்கு

கல்யாணத்துக்கு எங்க பொட்டி மொத்தமும் ஆஜரு. நானு கூடை இல்லாம போனதால கை ரெண்டும் எங்க வக்கறதுன்னு தெரியல. கேக்கு வெட்டனாங்க. எல்லாருக்கும் கிளாசுல திராட்ச ஜூஸ் ஊத்தனாங்க. பொண்ணோட டாடி டோஸ்ட் சொல்லுவாருன்னு மைக்குல சொன்னதும் டேனியல் அண்ணன் புதுக் கோட்டோட எழுந்தாரு. நின்னாரு. டைகல் சிக்னல்ல பாத்த அதே வேர்வ. ஸ்டெல்லா அக்கா என் கையப் புடிச்சாங்க பாருங்க, நகம் பதிஞ்சிடுச்சி. பின்னால யாரோ இருமனாங்க. இன்னும் கொஞ்ச நேரம் போனா யாராச்சும் எழுந்து, பரவால்ல, நான் சொல்றேன்னு சொல்லிடுவாங்க. அப்பிடி ஆச்சின்னா அந்த மனுஷன் அப்புறம் பொண்ணு மூஞ்சியப் பாக்கமாட்டாரு.

பிரிசில்லா எழுந்துச்சி. வெள்ளக் கவுன இழுத்துக்கினு வந்து மைக்க வாங்கிச்சி. "டாடி, நான் பொறந்தன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

டேனியல் அண்ணன் ஹாலப் பாக்கறத வுட்டுட்டு பொண்ணப் பாத்தாரு. "ட்ரெயின்ல."

"யாரு சொன்னாங்க ஒங்களுக்கு?"

"பங்காரப்பேட்டையில ஒங்க மாமா. பிளாட்பாரத்துல ஓடியாந்து, ஜன்னல்ல கைய வுட்டு, பொண்ணு மச்சான், பொண்ணுன்னு கத்தனான். அங்கருந்து நானு குந்தல. பொட்டியில இருந்த ஒவ்வொருத்தர்கிட்டயும் போயி சொன்னேன். தெரிஞ்சவன், தெரியாதவன், தூங்கறவன எழுப்பி சொன்னேன். டிக்கெட் கேட்டு ஒருத்தர் வந்தாரு, அவருகிட்ட டிக்கெட்ட காட்டல, ஒன்னப் பத்தி சொன்னேன். அப்பல்லாம் நானு வாய் ஓயாத ஆளும்மா. மம்மியக் கேளு." முன் வரிசையில அவரு சம்சாரம் ஆமான்னு தலையாட்டனாங்க.

பொண்ணு ஒரு அடி கிட்ட வந்துச்சி. "அப்புறம் இன்னா ஆச்சி டாடி?"

"ஆஸ்பத்திரிக்கு வந்து ஒன்னக் கையில வாங்கனேன். ஒங்கிட்ட சொல்றதுக்குன்னு வழி பூரா சேத்து வச்சிக்கினு வந்தது அத்தினியும் மறந்துபோச்சி. இன்னும் ஞாபகம் வரல. தேடிக்கினேதான் இருக்கேன்." அப்பிடியே திரும்பி கிளாசத் தூக்கனாரு. "மாப்ள, இவ கேள்வி கேப்பா. பதில் சொல்லுங்க. அவ்ளோதான்."

எல்லாரும் கிளாசத் தூக்கனாங்க. பிரிசில்லா மேக்கப் மொத்தமும் அப்பாவோட புதுக் கோட்டு மேல. சீட்டுக் கும்பல் மொத்தமும் செவுத்தப் பாத்துக்கினு நிக்குது. நானு தொண்டய செருமிக்கினு எதுனா ஒரு ஜோக்கு சொல்லலாம்னு பாத்தேன், ஒண்ணும் வரல. மூக்க உறிஞ்சிக்கினே ஸ்டெல்லா அக்கா என் பக்கம் திரும்பனாங்க. "எங்க, இதுக்கு மேல நீ ஒண்ணு கூவு பாக்கலாம்."

அன்னிக்குத் தொறந்த டேனியல் அண்ணன் வாய் கேஆர்புரத்துலருந்து சாம்பியன் வரைக்கும் இன்னும் மூடல, என் கூவலக் கேக்க பொட்டியில ஒரு காது ஃப்ரீயா இல்ல, அதனால கூட்டாளிங்களே, அடச்சிக்கினு கஷ்டப்படற ஆளப் பாத்தா கட்டாயம் ஒதவி பண்ணுங்க, ஆனா அவரு ஒங்க பொட்டியில வர்ற ஆளான்னு மட்டும் மொதல்ல பாத்துக்கங்க.